பக்கத்துப் பாயில் மூசா சேட்டு

தலையணையை அக்குளில் இடுக்கி, சுருட்டிய பாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பள்ளிவாசல் படியேறிய அந்த மாலையை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பரபரக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகிறவனைப் போல வேகமாக நடந்தேன். கையில் என் மனைவி ரஹ்மத் கட்டிக் கொடுத்த துணிப்பை. அதில் இரண்டு கைலி, ஒரு துண்டு, பல்பொடி, தொண்டைக்கு மருந்து.

நோன்பின் கடைசிப் பத்து நாள் தொடங்கும் மாலை அது. அந்த நாட்களைப் பள்ளிக்குள்ளேயே தங்கி, வெளியே தெருவுக்குக்கூடப் போகாமல், தொழுகையிலும் ஓதலிலும் கழிப்பதற்கு இஃதிகாஃப் என்று பெயர். நாற்பதை எட்டப் போகிற வயதில் எனக்கு அது முதல் முறை.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பள்ளி அப்படியொன்றும் பெரியதில்லை. உள்ளே தூண்களுக்கு இடையில் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள், தங்குகிறவர்களுக்காக. மேற்குச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை, பள்ளியில் தொழுகை நடத்தும் உஸ்தாத் எனக்குக் காட்டினார். காற்று வரும் இடம். சந்தோஷமாகப் போய்த் துணியை விலக்கினேன்.

பக்கத்துப் பாயில் மூசா சேட்டு உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மட்டாஞ்சேரியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன. உலகத்தில் எந்த ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்தால் என் நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்குமோ, அந்த மனிதனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் தரைதான் இருந்தது.

சைரன்

இந்தத் தொடரில் இதுவரை சத்தத்தைப் பற்றியே எழுதி வந்திருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜூ டவுனில் ஒரு மாடியில் மிளகு அவதி வியாபாரக் கூடம் இருந்தது. வரப்போகிற மாதத்து மிளகை இன்றைக்கே விலை பேசி வாங்குவதும் விற்பதும் அங்கே நடக்கும். வட்டமாகச் சின்னச் சின்ன மரக்கூண்டுகள், ஒவ்வொரு கூண்டிலும் ஒரு தொலைபேசி. கூண்டுக்கு முன்னால் நின்று கையை உயர்த்திக் கத்த வேண்டும். வாங்குகிறவன் "எடுத்தேன்" என்பான். விற்கிறவன் "கொடுத்தேன்" என்பான். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கீழே யூதர் கோயிலைப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஏதோ அடிதடி என்று நினைத்துப் படியேறி வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் கூடத்தில் எனக்குச் சைரன் என்று பெயர். சுலைமான் என்ற பெயர் வீட்டில் மட்டும்தான்.

என் அத்தா பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். மிளகு மூட்டை தைக்கிற வேலை. வாய் திறந்து பேசவே மாட்டார். அவருக்குப் பிறந்த பிள்ளையின் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்கிறது என்று தெருவில் சிரிப்பார்கள். என் முதலாளி அந்தக் குரலைக் கேட்டுத்தான் என்னைக் கூண்டுக்கு எடுத்தார்.

ஆரம்பத்தில் எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. மணி அடித்ததும் ரத்தம் தலைக்கு ஏறும். கொல்லத்திலிருந்து ஒரு போன், மும்பையிலிருந்து ஒரு போன், இடுப்பில் பேஜர் துடிக்கும். சாப்பாடு மறந்துபோகும்.

ஆனால் மணி அடித்து வியாபாரம் முடிந்த பிறகும் எனக்குள் அது முடியவில்லை. அங்கேதான் தொல்லை தொடங்கியது. வீட்டில் சோறு கேட்டாலும் ஏலம் போடுவதுபோலக் கேட்டேன். என் மகள் ஷமீமா அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைப்பாள். தூக்கம் போயிற்று. மாத்திரை வந்தது. நெஞ்சு சும்மா இருக்கும்போதே ஓடத் தொடங்கும். எறணாகுளத்தில் ஓர் இதய டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, நீங்கள்தான் சரியில்லை என்றார்.

தொழாமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஐந்து வேளையும் தொழுதேன். தக்பீர் கட்டித் தொழ நின்றதும் என் மனம் கூடத்துக்குப் போய்விடும். ஸஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கும்போது நான் மூசா சேட்டுவோடு வழக்காடிக்கொண்டிருப்பேன்.

ஒரு கை, ஒரு மணி

மூசா சேட்டு என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். குஜராத்தின் கச்சிலிருந்து பல தலைமுறைக்கு முன் வந்த குடும்பம். கூடத்தில் எனக்கு நேர் எதிர்க் கூண்டு அவருடையது. அவருக்குத் தெரிந்த தமிழையும் மலையாளத்தையும் கலந்து என்னோடு பேசுவார். என்னை "ராவுத்தரே" என்றுதான் கூப்பிடுவார். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு இனிப்பு வரும். அப்படியிருந்த பழக்கம்.

ஒரு நாள் முடிவு மணி அடிப்பதற்குக் கண் இமைக்கும் நேரத்துக்கு முன் அவர் "கொடுத்தேன்" என்று கத்தினார். நான் கையை உயர்த்தி "எடுத்தேன்" என்றேன். மணி அடித்தது. மறுநாள் காலையில் சந்தை ஒரேயடியாக ஏறிவிட்டது. மூசா சேட்டு, ராவுத்தரின் கை மணி அடித்த பிறகுதான் உயர்ந்தது, அந்த வியாபாரம் செல்லாது என்றார்.

நான் இல்லை என்றேன். அவர் ஆமாம் என்றார். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வியாபாரத்தை ரத்து செய்துவிட்டார்கள். அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். ஆனால் எல்லோரும் கலைகிற நேரத்தில் மூசா சேட்டு அந்த வட்டத்துக்கு நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி ஒன்று சொன்னார்.

"ராவுத்தர் பொய் பறயுன்னு."

பொய் சொல்கிறான் என்கிறார். வாய் வார்த்தையை நம்பி மட்டுமே நடக்கிற இடம் அது. அங்கே ஒருவனைப் பொய்யன் என்று சொல்வது அவன் தொழிலையே அறுப்பதுபோல. என் முதலாளி அதற்குப் பிறகு என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் எதைச் சொன்னாலும் ஒரு நொடி தாமதித்துத்தான் தலையாட்டினார். அந்த ஒரு நொடி என்னைத் தின்றது.

அன்றிலிருந்து மூசா சேட்டுவும் நானும் பேசவில்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாளுக்கு மேல் முகம் திருப்பிக்கொண்டு இருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததில்லை. எங்களுக்குள் வருடங்கள் போயின.

டாக்டரும் ரஹ்மத்தும்

அந்த ஆண்டு மிளகு வரத்து தொடங்கும் குளிர் மாதத்தில்தான் நோன்பும் வந்தது. கூடத்தில் வெறிபிடித்த வியாபாரம். ஒரு காலையில் கையை உயர்த்தி வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை. பக்கத்துக் கூண்டுக்காரர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

தொண்டை டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது, கத்திக் கத்தி வந்தது என்றார். ஒரு வார்த்தை பேசக் கூடாது, நான் சொல்லும்வரை. குசுகுசுவென்றுகூடக் கூடாது, அது கத்துவதைவிடக் கெடுதல். மீறினால் குரல் திரும்பி வராமலே போகலாம்.

முதலாளி நல்ல மனிதர்தான். பெருநாள் வரைக்கும் பார்க்கலாம் என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்க முடியாதே.

வீட்டில் நான் பேசாமல் இருந்த கூத்தைச் சொல்ல வேண்டும். தட்டைத் தட்டினேன். கதவைத் தட்டினேன். தொலைபேசி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு துள்ளினேன். ஒரு தடவை ஆட்டோக்காரனிடம் கைகாட்டிச் சண்டை போட்டேன். ரஹ்மத் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, வீட்டுல சும்மா இரிக்க உங்களால முடியாது. வாய் மூடினாலும் கையும் காலும் கத்துது. கடைசிப் பத்துக்குப் பள்ளீல போயி இரிங்க. அங்க அல்லாகிட்ட பேசறதுக்குத் தொண்டை வேண்டாம்."

கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் அதைச் சொல்லக் குரல் இல்லாததால், அவள் சொன்னதைக் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யோசித்த பிறகு எனக்குள் ஒரு உற்சாகம் பற்றிக்கொண்டது. போன் இல்லை. பேஜர் இல்லை. மணி இல்லை. இப்படி ஒரு விடுமுறையை யார் தருவார்கள்? பேஜரைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் பாயைச் சுருட்டினேன்.

ஸலாமுக்குப் பதில்

இப்போது அந்தப் பச்சைத் துணிக்குத் திரும்புவோம்.

திரும்பி வீட்டுக்கே போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நிம்மதி தேடி வந்த இடத்தில் இந்த மனிதரா? ஆனால் போய் ரஹ்மத்திடம் என்ன காரணத்தை, எந்தக் குரலில் சொல்வது?

மூசா சேட்டு என்னைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, எத்தனையோ வருடத்துக்குப் பின், அவரே முதலில் ஸலாம் சொன்னார்.

நான் உதட்டை அசைத்துப் பதில் சொன்னேன். கையை நெஞ்சில் வைத்தேன். பள்ளிக்குள் மாலை இருட்டு. அவருக்கு என் உதடு தெரியவில்லை. நான் துணியை இழுத்துவிட்டு என் பக்கம் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையும் ஸலாம் சொன்னார். நான் அதேபோல உதட்டை அசைத்தேன். இந்த முறை அவர் முகம் சிவந்துவிட்டது.

"எந்தா ராவுத்தரே, அல்லாவின் பள்ளீல வச்சு ஸலாம் சொன்னாலும் பதிலை மடக்கிச் சொல்ல மாட்டீங்களா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன் பாயை எடுத்து, தலைமாடு கால்மாடாக மாற்றிப் போட்டார். அன்று முழுதும் எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டும்தான்.

எனக்குச் சங்கடமாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. இவ்வளவு வருடம் நான் பட்டது கொஞ்சமாவது படட்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் நெஞ்சு தடதடத்தது. பள்ளிக்குள் எவ்வளவு அமைதி! கைகால் கழுவும் ஹவ்ளில் தண்ணீர் விழும் சத்தம், புறாக்கள், யாரோ ஓரத்தில் ஓதுவது. எனக்குள் மட்டும் கூடம் நடந்துகொண்டிருந்தது.

நாங்கள் மூசா சேட்டுவோடு சேர்த்து நாலைந்து பேர்தான் தங்கியிருந்தோம். நோன்பு திறக்கும்போது எல்லோரும் ஒரே விரிப்பில் உட்காருவோம். பேரீச்சம்பழம், ரவை போட்ட தரிக் கஞ்சி, வாழைப்பழம். ரஹ்மத் ஷமீமாவிடம் சமோசா கொடுத்தனுப்புவாள். அவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து எனக்குக் கையை ஆட்டுவாள். மூசா சேட்டு என் சமோசாவை மட்டும் தொடாமல் தட்டைத் தள்ளிவைப்பார்.

இந்தக் கூத்தை உஸ்தாத் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மலப்புறத்துக்காரர், என்னைவிட இளையவர், சிரித்த முகம். என் தொண்டை விவரம் அவருக்கு ரஹ்மத் மூலம் முன்பே தெரியும். ஓதுவதற்கு என்ன செய்வது என்று நான் சைகையில் கேட்டபோது, உதட்டை அசைத்தால் போதும், முடியாததை அல்லாஹ் கேட்பதில்லை என்று என்னைச் சமாதானப்படுத்தியவர் அவர்தான். மூசா சேட்டு இதெல்லாம் தெரியாமல் ஒரு மதியம் அவரிடம் போய், இந்த ராவுத்தரின் மனசு கல்லுதான், என் இடத்தை வேறு தூணுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

உஸ்தாத் சொன்னது துணிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"சேட்டே, அவருக்குத் தொண்டைக்கு சுகமில்ல. டாக்டர் வாய் தொறந்து மிண்டவே கூடாதுன்னு சொல்லிருக்கார். உங்க ஸலாமுக்கு அவர் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லிட்டுதான் இருக்கார். நான் பார்த்தேன்."

கண்ட கண்

பிறகு பச்சைத் துணி விலகியது. மூசா சேட்டு வந்து என் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேசத் தொடங்கினார். எப்படிப் பேசினார் என்கிறீர்கள்! மதிய லுஹர் தொழுகை முடிந்து மாலை அஸர் தொழுகை வரைக்கும் பேசினார்.

பள்ளிக்குள் வியாபாரப் பேச்சு கூடாது. மிளகைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர் அவர். "இந்த வருஷம் வயநாட்டுல..." என்று தொடங்குவார், நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார். மனைவி இறந்ததைச் சொன்னார். துபாய்க்குப் போன மகன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் செய்வதைச் சொன்னார். பெரிய வீட்டில் தனியாக நோன்பு திறப்பது பிடிக்காமல்தான் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பள்ளியில் வந்து தங்குகிறாராம்.

நான் அவர் சொல்வதைக் கேட்டேன். வேறு வழி இல்லை. என் வாழ்க்கையில் இன்னொரு மனிதன் பேசுவதை இடையில் வெட்டாமல் முழுதாக நான் கேட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். அந்த நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது அவருடைய இடது கண்ணில் திரை விழத் தொடங்கியிருந்ததாம். எதிர்க் கூண்டில் நிற்கும் ஆட்கள் அவருக்குப் புகைக்குள் நிற்பதுபோலத் தெரிவார்களாம். கை தெரியாதவன் கூடத்தில் நிற்க முடியாது என்பதால் வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார். அடுத்த வருடம் கோயம்புத்தூர் போய் ரகசியமாக ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

"நான் கண்டது கண்டதுதான்னு அன்னிக்கு சத்தியமா நினைச்சேன், ராவுத்தரே. பின்ன பின்னதான் தோணிச்சு, கண்ட கண்ணு எதுன்னு."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

எனக்குள் என்ன நடந்தது தெரியுமா? தீ. அப்படியானால் உமக்குத் தெரியும்! இவ்வளவு வருடமும் தெரியும்! நான் பொய்யனாகத் தெருவில் நடந்தேனே, முதலாளி முன் நின்றேனே, அப்போதெல்லாம் எங்கே போயிருந்தீர்? நூறு வார்த்தை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தொண்டைக்கு வந்து நின்றன. வாயைத் திறந்தும்விட்டேன். கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கத்தியிருப்பேன். குரலும் வேலையும் அன்றோடு போயிருக்கும்.

அப்போது அஸருக்குப் பாங்கு சொன்னார்கள்.

அந்த ஸஜ்தா

பாங்கு சொல்லும்போது பேசக் கூடாது என்று சிறுவயதில் பழகிய வாய் தானாக மூடிக்கொண்டது. எழுந்து போய் ஒளு செய்தேன். ஹவ்ளில் தண்ணீர் குளிர்ந்திருந்தது. முகத்தில் அடித்துக்கொண்டேன். வரிசையில் வந்து நின்றால் என் இடது தோளுக்குப் பக்கத்தில் மூசா சேட்டு. அவர் பாதம் என் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகர்த்தவில்லை. நானும் நகர்த்தவில்லை.

முதல் ரக்அத்தில் நான் இன்னும் அவரோடு வழக்காடிக்கொண்டிருந்தேன். இரண்டாவதிலும்தான். மூன்றாவதில் ஸஜ்தாவுக்குப் போனபோது அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. முழங்கால் வலியில் மெல்ல மெல்ல இறங்குகிற ஒரு வயதான மனிதரின் மூச்சு. அவர் உதடு அசையும் சத்தமும் கேட்டது. நான் சொல்ல வேண்டியதைத்தான் அவரும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வார்த்தைகள். அதே தரை. அவர் நெற்றியும் என் நெற்றியும் ஒரே பாயில்.

இத்தனை வருடம் நான் ஒரு பொய்யனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பொய்யன் யாரும் இல்லை. கண் தெரியாமல் பயந்துபோன ஒருவர் இருந்தார். அவ்வளவுதான். யா அல்லாஹ், இதை நான் எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று மனசுக்குள் சொன்னேன். சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை. கையில் பிடித்திருந்த ஒன்றை விரித்துக் கீழே விட்டதுபோல இருந்தது.

எனக்குள் கூடம் நின்றது.

மணி அடித்து நிற்கவில்லை. தானாக நின்றது. இமாமின் தக்பீர் கேட்டது. புறா கேட்டது. தெருவில் ஒரு கைவண்டி போவது கேட்டது. என் நெஞ்சு நிதானமாக, ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. இதுதானா, இதுதானா அது என்று எனக்குள் ஒரு ஆச்சரியம் பொங்கிப் பொங்கி வந்தது. சின்ன வயதிலிருந்து தொழுதுவந்த தொழுகை. அன்றைக்குத்தான் அதற்குள் நான் நுழைந்தேன்.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும். படகுத்துறை வரைக்கும் கேட்கிற குரலில் சொல்ல வேண்டிய விஷயம் வாழ்க்கையில் முதன்முதலாக எனக்குக் கிடைத்திருக்கிறது, கத்தக் குரல் இல்லை! நான் மூசா சேட்டுவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன். வாயைத் திறந்து சத்தமில்லாமல் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் பயந்தே போய்விட்டார். உஸ்தாதைக் கூப்பிட்டு, ராவுத்தருக்கு என்னவோ ஆயிற்று என்றார். உஸ்தாத் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை, நல்லதுதான் என்றார்.

அதற்குப் பிறகு பாயில் சாய்ந்தவன் அப்படியே உறங்கிவிட்டேன். மாத்திரை இல்லாமல், பட்டப்பகலில். நோன்பு திறக்கும் நேரத்தில் யாரோ என் காலைத் தொட்டு எழுப்பினார்கள். மூசா சேட்டு. அவருடைய போர்வை என்மேல் கிடந்தது. விரிப்புக்குப் போனோம். ஷமீமா கொண்டுவந்திருந்த சமோசாவில் இரண்டைச் சேட்டு எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

பெருநாளுக்குப் பிறகு

ஒரே ஸஜ்தாவில் நான் வேறு மனிதனாகிவிட்டேன் என்று சொன்னால் ரஹ்மத் இந்தத் தாளைக் கிழித்துப் போடுவாள். மறுநாளே மனம் அலைந்தது. ஆனால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. வழி தெரிந்த வீட்டுக்குத் தாமதமாகவாவது போய்ச் சேரலாமே.

பின்னால் புதிய நூற்றாண்டு வந்தது. பேஜர் போய்க் கைப்பேசி வந்தது. கூடத்துக்குக் கணினி வந்தது. எல்லோரும் திரைக்கு முன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குரலே தேவையில்லாத வியாபாரம். நண்பர்கள் பலர் தவித்துப்போனார்கள். கத்துகிற காலத்தில்கூட இவ்வளவு படபடப்பு இல்லை, இந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்று என்னிடம் வந்து சொல்வார்கள். நான் பெரிதாக எதுவும் சொல்வதில்லை. பாங்கு கேட்டால் போனை அணைத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்திருங்கள், உலகம் கொஞ்ச நேரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் எழுந்து கூடவே வருவார்கள்.

அந்த ஆண்டுப் பெருநாள் முடிந்து டாக்டரிடம் போனேன். முடிச்சு சுருங்கியிருக்கிறது, மெல்லப் பேசலாம், ஆனால் இனி ஒருநாளும் கத்தக் கூடாது என்றார். முதலாளியிடம் அப்படியே போய்ச் சொன்னேன். அவர் ஒரு நொடி தாமதித்தார். அந்தத் தாமதம் இப்போது என்னைக் குத்தவில்லை. கூண்டுக்குள் உட்கார்ந்து போனைக் கவனியுங்கள், வெளியே கத்த வேறு ஆளைப் போடுகிறேன் என்றார்.

மறுநாள் காலை கூடத்துக்குப் போனேன். படியில் இஞ்சி மணம். மேலே எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். சைரன் வந்தாச்சு என்று ஒருவர் கைதட்டினார். மணி அடித்தது. சத்தம் எழுந்தது. நான் கூண்டுக்குள் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தேன்.

நடு வியாபாரத்தில் எதிர்க் கூண்டிலிருந்து மூசா சேட்டு வெளியே வந்தார். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் ஒரு கைதான் உயரும். இரண்டு கை உயர்ந்து யாரும் பார்த்ததில்லை. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது.

"எல்லாரும் கேளுங்க. இதே இடத்துல நின்னு ராவுத்தர் பொய் சொல்றார்னு சொன்னேன். அன்னிக்கு எனக்கு ஒரு கண்ணுல பார்வை சரியில்ல. அதை மறைச்சு வச்சுதான் இங்க நின்னேன். அவர் கை எப்ப உயர்ந்துச்சுன்னு எனக்கு அறியாது. அறியாத ஒரு கார்யத்துக்கு ஒரு நேரான மனுஷனைப் பொய்யன்னு சொல்லிட்டேன். அது தப்பு."

அவருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். போனில் மும்பைக்காரர், ஹலோ ஹலோ, ஏன் அங்கே சத்தமில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் நின்ற என் முதலாளி தலையைக் குனிந்து என் தோளில் கை வைத்தார்.

எத்தனை வருடம் நான் இந்த நிமிடத்தைக் கனவு கண்டிருப்பேன்! இது நடந்தால் அவர் முன்னால் போய் என்னென்ன சொல்ல வேண்டும் என்று எத்தனை பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். நிமிடம் வந்துவிட்டது. பேச்சு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பசியே இல்லாதவனுக்கு முன் விருந்து வைத்ததுபோல இருந்தது.

போனை வைத்துவிட்டு எழுந்து வட்டத்துக்கு நடுவில் போனேன். அவர் கையைப் பிடித்தேன். டாக்டர் அனுமதித்த அந்தச் சின்னக் குரலில் சொன்னேன்.

"அது அன்னிக்கு அஸர்லயே தீர்ந்துபோச்சு, சேட்டே. வாங்க, லுஹருக்கு நேரமாச்சு."

அவ்வளவு பெரிய கூடத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. சேட்டுவுக்குக் கேட்டது.